வயலுக்கு நாடி பார்க்கும் பட்டாம்பூச்சி!

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால், அட... நெளியுது! ‘ச்சீ, புழு!’ என்று தட்டி விடுகிறோம். சில வாரங்களில் கறுப்புச் சிறகோடு பறக்கப்போகும் பட்டாம்பூச்சியின் குழந்தை அது!

சாப்பாட்டு விஷயத்தில் இந்தப் புழுக்களுக்கு நம்ம வீட்டுக் குழந்தைகளைவிடப் பிடிவாதம் ஜாஸ்தி. ஒவ்வொரு இனமும் குறிப்பிட்ட சில செடிகளைத்தான் தின்னும். அந்தச் செடி போனால் பட்டாம்பூச்சியும் போச்சு. ஆயுளும் குறைவு என்பதால், நிலத்துக்கு வரும் கெடுதல் சீக்கிரமே எண்ணிக்கையில் தெரிந்துவிடும். அதனால்தான் ஐரோப்பாவில் விளைநிலத்தின் ஆரோக்கியம் காட்டும் தெர்மாமீட்டராக இவற்றை வைத்திருக்கிறார்கள்.

எப்படி எண்ணுகிறார்கள்?

இங்கிலாந்தின் மாங்க்ஸ் வுட் ஆராய்ச்சி நிலையத்தில் 1973-ல் எர்னி பொல்லார்ட் ஒரு சுலபமான வழி சொன்னார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, வாரம் ஒருமுறை ஒரே பாதையில் நடக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டரை மீட்டர், எதிரே ஐந்து மீட்டர்... அதற்குள் தென்படுவதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். மழை, குளிர் என்றால் லீவு! பிரிட்டன் முழுவதற்குமாக 1976-ல் தொடங்கிய இந்தக் கணக்கு இன்றும் தொடர்கிறது.

‘ஒரு வருஷம் மழை அதிகமானால் பூச்சி குறையாதா?’ என்று கேட்பீர்கள். குறையும்; அடுத்த வருஷம் கூடவும் செய்யும். ஒரே ஒருநாள் பி.பி.யைப் பார்த்து டாக்டர் ஆயுசு முழுக்க மருந்து எழுதுவாரா? பல வருஷக் கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் வியாதி புரியும்.

அப்படிப் பார்த்தபோதுதான் அதிர்ச்சி! 19 ஐரோப்பிய நாடுகளில் 17 புல்வெளி இனங்களைக் கணக்கிட்டதில், 1990-க்கும் 2011-க்கும் இடையில் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகியிருந்தது. எட்டு இனங்கள் குறைந்திருந்தன. கூடியது ஒன்றே ஒன்று.

உரமும் காரணம், புதரும் காரணம்!

மேய்ச்சல் நிலத்தில் ரசாயன உரம் கொட்டினால் புல் அடர்ந்து வளரும். இடையிலுள்ள சின்னப் பூச்செடிகள் அமுங்கிப்போகும். போதாததற்குப் பூச்சிமருந்து வேறு. இன்னொரு பக்கம், கட்டுபடியாகாமல் மலைப்பகுதி மேய்ச்சலைக் கைவிட்டார்கள். புதர் மண்டியது, அங்கேயும் பட்டாம்பூச்சி குறைந்தது. ஆக, விவசாயம் எதிரியல்ல. அளவு தப்புவதுதான் எதிரி.

‘சரி, நமக்கென்ன?’ பூ இல்லாத வயலில் தேனீக்கும் பட்டினிதான். தேனீ குறைந்தால் ஆப்பிளும் பூசணியும் சரியாகக் காய்க்காது. கடைசியில் அடி விழுவது நம் சாப்பாட்டுத் தட்டில்! 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த இயற்கை மீட்புச் சட்டத்தில், விளைநிலம் தேறுகிறதா என்று பார்க்க வைத்துள்ள மூன்று அளவுகோல்களில் பட்டாம்பூச்சிக் கணக்கும் ஒன்று.

தெர்மாமீட்டர் ஜுரத்தைக் குறைக்காது. ஆனால் அதை உடைத்துவிட்டால் ஜுரம் இருப்பதே தெரியாதே! அடுத்த தடவை கறிவேப்பிலைச் செடியில் புழுவைப் பார்த்தால் ரெண்டு கொத்தை அதுக்கே விட்டுவிடுங்கள். வாரம் ஒருநாள் குழந்தைகளோடு எண்ணி, மாதக் காலண்டரில் குறித்து வையுங்கள். நாலைந்து வருஷம் கழித்து, உங்கள் தோட்டத்தின் உடம்பு எப்படி என்பதை அந்தக் காலண்டர்களே சொல்லும்!