‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய பிறகும் உரிமை உண்டு

தென்காசியில் இருக்கும் ஒருவர் ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் மிக்ஸி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்த மிக்ஸி ஓடவில்லை. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், “எங்கள் விதிமுறைப்படி பெங்களூரு நீதிமன்றத்தில்தான் நீங்கள் வழக்குப் போட முடியும். ஒப்புக்கொண்டுதானே சார் வாங்கினீர்கள்?” என்கிறார்கள். இந்த ஒரு பதிலில் பலரும் பணத்தைக் கைகழுவிவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதே இல்லை.

கட்டத்தில் டிக் செய்தது ஒப்பந்தம்தான். அதை மறுக்க முடியாது. மின்னணு வழியில் செய்துகொண்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆனால், நிறுவனம் எழுதிவைத்ததெல்லாம் சட்டத்துக்கு மேலே போய்விடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவு, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர வழி தருகிறது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது, மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். எமார் எம்ஜிஎஃப் என்ற நிறுவனத்தின் வழக்கில், அப்படிப்பட்ட நிபந்தனை நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

நிபந்தனையே அநியாயமாக இருந்தால் அதைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. மாநில ஆணையத்திடமோ தேசிய ஆணையத்திடமோதான் போக வேண்டும்.

பணம் கட்டும் பக்கத்தில்தான் கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருக்க வேண்டும். நாம் கேட்காத இன்சூரன்ஸும் நன்கொடையும் சத்தமில்லாமல் பில்லில் ஏறுவது அங்கேதான். நிறுவனமே டிக் போட்டு வைத்த கட்டத்தை நம் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். தான் ரத்து செய்தால் ஒரு பைசா கட்டாத நிறுவனம், நாம் ரத்து செய்தால் மட்டும் கட்டணம் பிடிக்கவும் கூடாது. சந்தாவில் சேருவதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஒன்பது பக்கமும் வைப்பது உட்பட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளை 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்திருக்கிறது. ஆனாலும் இன்றைக்கும் பல செயலிகளில் இவற்றைப் பார்க்க முடிகிறது. புகார் செய்யாமல் நாம் நகர்ந்துவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

நமக்கும் பொறுப்பு உண்டு. இன்னொருவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நிறுவனத்தின் கணினியிலிருந்து அனுமதியின்றித் தரவுகளை எடுத்தால் இழப்பீடு தர வேண்டிவரும். தளத்தில் இருக்கும் படங்களை எடுத்து நம் கடை விளம்பரத்துக்குப் போட்டால் அது பதிப்புரிமை மீறல்; ‘கூகுளில் கிடைத்தது’ என்ற சமாதானம் நீதிமன்றத்தில் எடுபடாது.

பிரச்சினை வந்தால் முதலில் ஆர்டர் பக்கம், பில், அரட்டைப் பதிவு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விதிமுறைப் பக்கத்தையும் அன்றைய தேதியோடு எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிறுவனம் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றும். பிறகு, தளத்தில் பெயர் போட்டிருக்கும் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் உறுதிசெய்ய வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தளமே போலி என்று தெரிந்தால் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930.

அதற்கும் நிறுவனம் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே வாதாடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மட்டும் மனுவைப் போட்டுவிடுங்கள்.