உப்பு பூக்கும் இலையில் இரண்டு புதிய பேரினங்கள்

இடம்: பெர்தியோகா அலையாத்திக் காடு, சாவ் பாவ்லோ மாநிலம், பிரேசில்
வாழிடம்: அவிசீனியா ஷாவேரியானா மரத்தின் இலைப்பரப்பு

இந்த மரம் தன்னுள் சேரும் உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. வெயில் ஏற ஏற இலைமேல் உப்புப் படிகங்கள் பூக்கும். மழை பெய்தால் கரைந்துபோகும். கடும் உவர்ப்பு, வறட்சி, சுடும் ஒளி ஆகிய மூன்றையும் தாங்குகிற உயிர்களே அங்கே நிலைக்கும். அவற்றில் சில, சயனோபாக்டீரியா எனும் நீலப்பச்சைப் பாசிகள்.

இந்த இலைகளிலிருந்து பிரித்து ஆய்வகத்தில் வளர்த்த பாசிகளைக் கொண்டு 2016இல் இரண்டு புதிய பேரினங்கள் விவரிக்கப்பட்டன:

• ஃபில்லோனீமா அவிசீனீகோலா: இழையாக வளர்வது.
• ஃபோலீசார்சினா பெர்தியோகென்சிஸ்: செல்கள் சிறு பொதிகளாகத் திரள்வது.

புதியது என்று எப்படித் தெரிந்தது?

நுண்ணோக்கி மட்டும் போதாது. உறவே இல்லாத இரு பாசிகள் ஒன்றுபோலத் தோன்றலாம். ஒரே பாசி, உப்பும் ஒளியும் மாறினால் வேறு உருவம் காட்டலாம். ஆகவே உருவத்தோடு 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவையும் ஒப்பிடுகிறார்கள். அறியப்பட்ட இனங்களோடு அதன் ஒற்றுமை சுமார் 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அந்தப் பாசி தனிப் பேரினமாக இருக்கக்கூடும். மரபுவழி மரத்தில் அது தனிக் கிளையாகப் பிரிகிறதா என்பதையும் பார்த்த பிறகே பெயர் சூட்டுகிறார்கள்.

பிச்சாவரத்தில் வளரும் வெண்கண்டலும் அவிசீனியா பேரினத்தைச் சேர்ந்ததே. அதன் இலைகளும் உப்பைக் கக்குகின்றன.