புகையும் வேகமும்: யமஹா ஆர்.டி. 350

யமஹா ஆர்.டி. 350 விற்பனைக்கு வந்தது 1973-இல். காற்றால் குளிரும் இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் என்ஜின்; 347 சி.சி. கொள்ளளவு, நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 39 குதிரைத்திறன், ஆறு கியர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். காகிதத்தில் பார்த்தால் நடுத்தர வண்டிதான். ஆனால் வளைவுகள் மிகுந்த சாலையில் 650, 750 சி.சி. வண்டிக்காரர்களுக்கும் இது தண்ணி காட்டியது. அந்தப் பெயரோடு அது ஜப்பானில் இருந்து வெளிவந்தது மூன்றே ஆண்டுகள். அதற்கு முன்னால் இருந்த பதினாறு ஆண்டு உழைப்பைப் பார்த்தால்தான் அந்த மூன்று ஆண்டுகளுக்குப் பொருள் விளங்கும்.

யமஹா அடிப்படையில் இசைக்கருவி நிறுவனம். ஹமமட்சு நகரில் 1887-இல் ஆர்மோனியம் வகைக் கருவிகளோடு தொடங்கி, பியானோவில் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது விமான புரொப்பெல்லர் கடைந்த இயந்திரங்கள் போர் முடிந்த பின் வேலையற்றுக் கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று தலைவர் கெனிச்சி கவகாமி யோசித்ததன் விளைவே மோட்டார் சைக்கிள். முதல் வண்டியான ஒய்.ஏ.-1, ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. 125-ஐப் பார்த்துச் செய்தது. 1955 ஜூலை 1 அன்று யமஹா மோட்டார் தனி நிறுவனமானது. அதே மாதம் ஃபியூஜி மலையேற்றப் பந்தயத்தில் 125 சி.சி. பிரிவில் ஒய்.ஏ.-1 வென்றது. பந்தயத்தில் ஜெயித்தால்தான் கடையில் விற்கும் என்ற பாடத்தை நிறுவனம் பிறந்த மாதத்திலேயே படித்துக்கொண்டது.

இரட்டைச் சிலிண்டர் 1957-இல் வந்தது. அந்த ஒய்.டி.-1 என்ற 250 சி.சி. வண்டிக்கும் ஜெர்மானிய முன்மாதிரி உண்டு: ஆட்லர் எம்.பி. 250. அடுத்த ஆண்டே அதன் பந்தய வடிவத்தைக் கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவுப் போட்டிக்கு அனுப்பினார்கள். ஃபூமியோ இட்டோ ஆறாவதாக வந்தார். யமஹா வெளிநாட்டில் ஓடிய முதல் பந்தயம் அது. 1959-இல் ஒய்.டி.எஸ்.-1 ஐந்து கியரோடு வந்தது. 1964-இல் பில் ரீட், ஆர்.டி. 56 என்ற தொழிற்சாலைப் பந்தய வண்டியில் 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்று யமஹாவுக்கு முதல் உலகப் பட்டத்தைத் தேடித்தந்தார். பின்னாளில் தெரு வண்டிக்கு வைத்த அந்த இரண்டெழுத்து முதலில் ஒட்டியிருந்தது பந்தய வண்டியில்தான்.

அதே 1964-இல் வந்த ஒய்.டி.எஸ்.-3 வண்டியில் ஆட்டோலூப் என்ற ஏற்பாடு இருந்தது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவதுதான் அதுவரை வழக்கம். கலவையில் ஆயில் சற்றுக் குறைந்தால் பிஸ்டன் இறுகிச் சிக்கிக்கொள்ளும். கூடினால் பிளக்கில் கரி. ஆட்டோலூப்பில் ஆயிலுக்குத் தனி டாங்க். என்ஜின் சுற்றும் வேகத்தையும் ஆக்ஸிலேட்டர் திருப்பிய அளவையும் பார்த்துத் தேவையான ஆயிலை ஒரு சிறு பம்பு அளந்து விடும். பெட்ரோல் பங்கில் நின்று ஆயில் அளக்கும் வேலை ஒழிந்தது. டூ-ஸ்ட்ரோக்கைத் தினசரி வண்டியாக்கியதில் எந்தக் குதிரைத்திறனையும் விட இந்தப் பம்புக்கே பங்கு அதிகம்.

1967-இல் 350 சி.சி. வகையில் ஒய்.ஆர்.-1, 1970-இல் ஆர்5. சிலிண்டர் விட்டம் 64 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மி.மீ. என்ற கணக்கு ஆர்5-இல் நிலைபெற்றது. அதன் கிராங்க்கேஸை அடிப்படையாகக் கொண்டு டி.ஆர்.3 என்ற பந்தய வண்டியும் செய்தார்கள். அதில்தான் 1972-இல் டான் எம்டி, அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தில் 750 சி.சி. வண்டிகளை முந்தி வென்றார். மறு ஆண்டு டி.இசட். 350-இல் ஃபின்லாந்தின் யார்னோ சாரினன் அதே பந்தயத்தை வென்றார். இரண்டே மாதத்தில், மோன்சா தடத்தில் நேர்ந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். கடையில் கிடைக்கும் வண்டிக்கும் டேடோனாவில் கோப்பை வாங்கிய வண்டிக்கும் இரும்பு உறவு இருந்ததால், வாங்கியவர்களுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை.

ஆர்5-இல் குறை இல்லாமல் இல்லை. சாதாரண டூ-ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டர் துளையைத் திறந்து மூடுவது பிஸ்டனின் ஓரம்தான். பிஸ்டன் கீழே இறங்கும்போது, துளை முழுதாக மூடுமுன், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி கார்புரேட்டருக்கே திரும்பித் துப்பப்படும். வேகமாகச் சுற்றும்போது இது தெரியாது. நகர நெரிசலில் என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது வண்டி முக்கும், திக்கும். ஆர்.டி. 350-க்கு யமஹா செய்த வைத்தியம் ரீட் வால்வு. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே கூம்பு வடிவச் சிறு கூடு. அதன் சாய்ந்த பக்கங்களில் பிளேடு போல மெல்லிய எஃகு இதழ்கள். கிராங்க்கேஸில் வெற்றிடம் உண்டாகும்போது இதழ்கள் விரிந்து கலவையை உள்ளே விடும். அழுத்தம் எதிர்ப்புறம் திரும்பியதும் படக்கென்று மூடிக்கொள்ளும். உள்ளே போனது வெளியே வராது. திருப்பித் துப்பும் பயம் போனதால் பிஸ்டனின் சுவரில் ஜன்னல் வெட்டி, கலவை உறிஞ்சும் நேரத்தை நீட்டவும், சிலிண்டரில் கூடுதலாக ஏழாவது துளை ஒன்றைச் சேர்க்கவும் முடிந்தது. கீழ்ச் சுற்றில் இழுவை கிடைத்தது. மேல் சுற்றில் இருந்த வெறியும் குறையவில்லை. ஆர்.டி.யின் பெருமைக்கு எல்லோரும் 39 குதிரைகளைச் சொல்வார்கள்; உண்மையான சாதனை அந்த இதழ்கள்.

வெறி என்றது மிகையல்ல. முறுக்கும்போது ஒரு கட்டம் வரை சாதுவாக இருக்கும் என்ஜின், பிறகு ஒரே மூச்சில் விழித்துக்கொள்ளும். முன்சக்கரம் தரையைவிட்டு எழும். 1976-இல் வந்த ஆர்.டி. 400-இல் என்ஜினைச் சற்று முன்னுக்கு நகர்த்தி ரப்பர் மீது பொருத்தியதற்கு அந்தத் துள்ளலும் அதிர்வும்தான் காரணம். அதற்குள் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நெருங்கிவிட்டன. ஆயிலை எரித்து ஓடும் என்ஜினுக்கு அங்கே இடமில்லாமல் போனது; 1979-இன் டேடோனா ஸ்பெஷலோடு ஆர்.டி. 400 அமெரிக்கச் சந்தையிலிருந்து விடைபெற்றது. ஐரோப்பாவில் வேறு கதை. 1980-இல் தண்ணீரால் குளிரும் ஆர்.டி. 350 எல்.சி. அதே 64-க்கு 54 அளவோடு வந்தது. 1983-இல் புகைத்துளையின் உயரத்தை மோட்டார் மூலம் மாற்றும் பவர் வால்வு சேர்ந்தது.

பழைய காற்றுக் குளிர்ச்சி என்ஜினுக்கு மறுபிறவி கொடுத்தது இந்தியா. ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனம், யமஹாவின் தொழில்நுட்ப உரிமத்தோடு 1983-இல் ராஜ்தூத் 350-ஐக் கொண்டுவந்தது. ஜப்பானில் ஓய்ந்துபோன 1975-ஆம் ஆண்டு ஆர்.டி. 350பி-தான் அதன் மூலம். திறனை வேண்டுமென்றே குறைத்தார்கள்: எச்.டி. வகைக்கு 30.5 குதிரைத்திறன், பிறகு வந்த எல்.டி. வகைக்கு 27. முன் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு ஆர்5 காலத்து டிரம் பிரேக்கைப் போட்டார்கள். வேகத்தை ஓரளவே குறைத்து, நிறுத்தும் சக்தியை ஒரு தலைமுறை பின்னுக்குத் தள்ளிய இந்த முடிவு, செலவுக் கணக்கில் சரியாக இருந்திருக்கலாம், சாலையில் சரியில்லை.

குறைத்த பிறகும் அது இந்தியச் சாலைக்கு மிஞ்சிய வண்டிதான். திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்ட் புல்லட்டும் 350 சி.சி.தான்; அதன் திறன் 18 குதிரை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஆர்.டி.க்குத் தனி மவுசு உண்டு. தெருவில் விபத்துகளும் நடந்தன. ஆர்.டி. என்றால் ‘ரேப்பிட் டெத்’ என்று இளைஞர்களே பெயர் விரித்துச் சொன்னார்கள். அந்தப் பெயரில் பயம் பாதி, பெருமை பாதி.

ஆனால் வண்டியை வீழ்த்தியது விபத்து அல்ல, பெட்ரோல். விலை ஏறக்குறைய 18,000 ரூபாய். மைலேஜ் முறுக்குகிற முறுக்கைப் பொறுத்து இருபதுகளில். உதிரிபாகமோ விலை அதிகம், கிடைப்பதும் அரிது. ஆட்டோலூப் பம்பை நம்பாமல் அதைக் கழற்றிவிட்டு, மறுபடி பெட்ரோலில் ஆயிலைக் கலந்தவர்களும் பலர். இரண்டு சிலிண்டரின் கார்புரேட்டரையும் ஒத்திசைத்து, தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் இரண்டு பாயிண்ட்டையும் சரியாக வைக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இல்லை. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகியும், அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டா சி.டி. 100-உம் எனப் பெட்ரோல் சிக்கனமான வண்டிகள் வந்தபோது, மாதச் சம்பளக்காரரின் கணக்கு மாறிவிட்டது. 1985 இறுதியில் எஸ்கார்ட்ஸே ஆர்.எக்ஸ். 100-ஐ இறக்கியது. ஒற்றைச் சிலிண்டர், 98 சி.சி., 11 குதிரை, அதிலும் ரீட் வால்வு. ஆர்.டி. தந்த சுகத்தில் முக்கால்வாசியை அது மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவில் தந்தது. ராஜ்தூத் 350-இன் தயாரிப்பு அந்தப் பத்தாண்டின் இறுதியோடு ஏறத்தாழ நின்றது.

புதிதாக இருந்தபோது வாங்க ஆள் தேடிய வண்டிக்கு இன்று பழைய விலையின் பல மடங்கு கேட்கிறார்கள். மீட்டெடுப்பவர்கள் முதலில் கை வைப்பது பிரேக்கில்: டிரம்மைக் கழற்றி, வேறு வண்டியின் ஃபோர்க்கோடு டிஸ்க்கைப் பொருத்துகிறார்கள். பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், எஃகு இதழுக்குப் பதில் ஃபைபர் இதழ். எஃகு உடைந்தால் துண்டு என்ஜினுக்குள் போகும் என்ற அச்சம். பிஸ்டனும் கிராங்க் பேரிங்கும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. ஆர்.டி. வைத்திருப்பவர்களில் மகேந்திர சிங் தோனியும் ஒருவர்.