கீழடிக்கு 2,600 வயசுன்னு எப்படித் தெரியும்? வரலாற்றுப் பாடம் தொடங்க வேண்டிய கேள்வி இதுதான்!

முதலாம் பானிபட் போர் எப்போது நடந்தது? ஏழாம் வகுப்பு மாணவரைக் கேட்டால் '1526' என்று டக்கென்று பதில் வரும். 'அது உனக்கு எப்படித் தெரியும்?' என்று அடுத்த கேள்வியைப் போட்டால், 'புக்ல இருக்கு' என்பார். 'புத்தகம் எழுதியவருக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

அந்த மூன்றாவது கேள்வியில்தான் வரலாறு தொடங்குகிறது. தமிழ்நாட்டின் ஆறாம் வகுப்புப் பாடநூலில் வரலாற்றுப் பகுதியின் முதல் பாடமே 'வரலாறு என்றால் என்ன?' என்பதுதான். ஆனால் பரீட்சை என்று வந்துவிட்டால் ஆண்டு, மன்னர், போர் என்ற மனப்பாடப் பட்டியல்தான் மிஞ்சுகிறது. அந்தப் பட்டியலோடு வளரும் பிள்ளை, நாளை வாட்ஸ்அப்பில் வரும் 'வரலாற்றை' எதை வைத்துச் சோதிக்கும்?

பிள்ளைகளுக்குப் புரிய வேண்டிய அடிப்படைகள் நான்கு: காலம், சான்று, சொன்னவர் யார், பண்பாடு.

கி.மு. ஏன் பின்னோக்கிப் போகிறது?

கி.மு. 580, கி.மு. 205. இரண்டில் எது பழசு? எண் பெரிதாக இருப்பதால் 580-தான் பிந்தையது என்று பலரும் தடுமாறுவார்கள். கி.மு.வில் (பாடநூலில் பொ.ஆ.மு.) எண் கூடக் கூட காலம் பின்னால் போகும். கி.மு. 1-க்கு அடுத்து நேராக கி.பி. 1 வரும். நடுவில் பூஜ்ஜியம் ஆண்டு கிடையாது.

நூற்றாண்டுக் கணக்கும் இதேபோல குழப்பும். 580 என்று இருந்தாலும் அது கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. 1526 என்பது 16-ஆம் நூற்றாண்டு. ஒரு கயிற்றைக் கட்டி, ஆண்டுகளை அட்டையில் எழுதி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

மண்ணுக்குள் இருப்பதன் வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

இங்கேதான் கீழடி கைகொடுக்கிறது. மதுரைக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரில் 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அதைத் தொடர்கிறது.

முதல் விதி எளிமையானது. அழுக்குத் துணிக் கூடையில் திங்கட்கிழமை போட்ட சட்டை அடியில் இருக்கும், வெள்ளிக்கிழமை போட்டது மேலே இருக்கும். யாரும் கலைக்காத மண்ணடுக்கும் அப்படித்தான். ஆழமாகப் போனால் பழசு.

இரண்டாவது, கரிமக் காலக்கணிப்பு. உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன்-14 இருக்கிறது. உயிர் போன பிறகு அது புதிதாகச் சேராது, சிதைந்து குறைந்துகொண்டே வரும். சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வயது கிடைக்கும்.

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்று வந்தது. 200 சென்டிமீட்டரில் எடுத்தது கி.மு. 205. ஆழமாக இருந்தது பழையதாகவே இருக்கிறது. இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன.

சரி, அப்போ கீழடி முழுக்க 2,600 வருஷம் பழசா? இல்லை. அந்த ஒரு மாதிரியின் வயதுதான் அது. இந்த வித்தியாசம் புரிந்த பிள்ளை, 'கீழடிக்குப் பத்தாயிரம் வயசு' என்று ஒரு ஃபார்வர்டு வந்தால் 'எந்த அடுக்கு? எந்த மாதிரி?' என்று கேட்கும்.

இதைச் சொன்னது யார்?

பானிபட்டுக்கே திரும்பிப் போகலாம். அந்தப் போரைப் பற்றிய முக்கியமான சான்று, பாபரே எழுதிய 'பாபர் நாமா'. எதிரில் இருந்த இப்ராகிம் லோடியின் படை ஒரு லட்சம் என்ற மதிப்பீடு அதில் இருக்கிறது. எழுதியவர் போர்க்களத்தில் இருந்தவர், அதனால் அது முதன்மைச் சான்று. ஆனால் அவர் ஜெயித்தவரும்கூட. எதிரிப் படை பெரிதாக இருந்தால் வெற்றியும் பெரிதாகத் தெரியும். அதற்காக அந்த நூலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வேறு சான்றுகளோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் சாம் வைன்பர்க் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்று அறிஞர்களிடமும் பள்ளி மாணவர்களிடமும் ஒரே ஆவணங்களைக் கொடுத்துப் பார்த்தார். அறிஞர்கள் முதலில் கவனித்தது, இதை எழுதியது யார், எப்போது என்பதை. மாணவர்கள் பலர் நேராக விஷயத்துக்குள் போய்விட்டார்கள். ஒரு ஃபார்வர்டைத் திறந்ததும் நாம் செய்வதும் அதுதானே!

நிபுணர்களே முரண்பட்டால்?

கீழடியின் முதல் இரு கட்ட ஆய்வு அறிக்கையை, அதை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்தார். மிகப் பழைய கட்டத்துக்கு அவர் கொடுத்த காலம் கி.மு. 8 முதல் 5-ஆம் நூற்றாண்டு. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை, திருத்துங்கள் என்று 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. மண்ணடுக்கு, கிடைத்த பொருட்கள், கரிமக் காலக்கணிப்பு ஆகியவற்றின் அடிப்படையில்தான் முடிவுக்கு வந்ததாக அவர் பதில் சொன்னார்.

இது அரசியல் சர்ச்சையாகவும் ஆனது. ஆனால் வகுப்பறைக்கு இது அருமையான பாடம். யார் நம்ம ஆள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யார் என்ன சான்றை மேஜையில் வைக்கிறார் என்று பார்க்கப் பழக்கலாம். சான்று தெரியாத பெருமை, எதிராக ஒரு பதிவு வந்தாலே ஆட்டம் கண்டுவிடும்.

பண்பாடு மாறாததா?

'நம்ம பாரம்பரிய சமையல்' என்றதும் மிளகாயும் தக்காளியும் நினைவுக்கு வரும். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் இங்கே காரம் என்றால் முதலில் மிளகுதான். சங்க இலக்கியத்தில் அதன் பெயர் 'கறி'. புதிதாக வந்த காய்க்கு, தெரிந்த மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகாய்' என்று பெயர் வைத்தார்கள்.

கீழடியில் வாழ்ந்தவர் தட்டில் மிளகாய் இருந்திருக்காது. அதனால் காரக் குழம்பு தமிழ் உணவு இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. வந்ததை நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதும் பண்பாடுதான். எது தொடர்கிறது, எது மாறுகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பாடம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

- பழைய கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் என ஏதாவது ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து என்னவெல்லாம் தெரிகிறது, எதெல்லாம் தெரியவில்லை என்று எழுதச் சொல்லலாம்.
- ஒரே குடும்ப நிகழ்வைத் தாத்தாவிடமும் அத்தையிடமும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லலாம். கதை மாறும். ஏன் மாறுகிறது என்று யோசிப்பதே சான்றுகளை ஒப்பிடும் முதல் பயிற்சி.
- 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால், 'ஆதன்' போன்ற பெயர்கள் கீறப்பட்ட பானை ஓட்டின் முன் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஓட்டில் பெயர் இருப்பது சான்று. பானைக்குச் சொந்தக்காரரே எழுதினார் என்பது ஊகம். இரண்டையும் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வரலாறு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.