பழைய கருவிகளின் குரல்

கைப்பேசிச் செயலி ஒன்றுக்குள் பல நூறு வாத்தியங்களின் ஒலி அடங்கிவிடும் காலம் இது. ஆனாலும், 40, 50 ஆண்டுகளுக்கு முந்தைய சிந்தசைசர்களைத் தேடி இசைக்கலைஞர்கள் அலைவது குறையவில்லை. 1970-இல் அறிமுகமான மினிமூக் கருவியை மூக் நிறுவனம் 2016-இலும் 2022-இலும் மீண்டும் தயாரித்து விற்றது. 1978-இல் வந்த எம்.எஸ்.-20 கருவியின் சிறிய வடிவத்தை 2013-இல் கோர்க் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய இயந்திரத்தை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியதை இறக்குவதையே முன்னேற்றமாகக் கருதும் பனியன் தொழில் வட்டாரத்தில், காங்கேயத்தில் வாழும் எனக்கு இந்த நாட்டம் வியப்பளித்தது. அதன் காரணங்களைத் தேடிச் சென்றபோது, அவை நம் ஊருக்கும் பொருந்துபவையாகவே இருந்தன.

முதலில் கருவியின் இயல்பை அறிய வேண்டும். பழைய அனலாக் சிந்தசைசரில் பதிவு செய்யப்பட்ட ஒலி எதுவும் இல்லை. மின்சுற்று ஒன்று அதிர்வலையை உண்டாக்குகிறது. வடிப்பான் அதில் வேண்டாத பகுதியை நீக்குகிறது. இன்னொரு சுற்று ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. மினிமூக்கில் இத்தகைய அலை உண்டாக்கும் சுற்றுகள் மூன்று. அறையின் வெப்பநிலை மாறினாலே அவற்றின் ஸ்ருதி மயிரிழை அளவு விலகும். பொறியாளர் பார்வையில் இது குறை. ஆனால், மூன்றும் முற்றிலும் ஒன்றாமல் ஒன்றையொன்று உரசிச் செல்லும்போது எழும் அசைவைத்தான் இசைக்கலைஞர்கள் 'உயிர்' என்கிறார்கள்.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. தம்புராவின் குதிரைமீது, தந்திக்கு அடியில் ஒரு சிறு நூலை வைப்பார்கள். அதை நகர்த்தி உரிய இடத்தில் நிறுத்தினால்தான் தந்தியின் நாதம் விரிந்து ரீங்கரிக்கும். அந்த நூலுக்கு 'ஜீவா' என்றே பெயர். நூலை நம்பி வாழும் இந்த மண்ணில் அதற்கு விளக்கம் தேவையில்லை. 1970-களின் இறுதியில் பெங்களூரில் உருவான மின்னணு ஸ்ருதிப் பெட்டி மேடைகளில் நிலைபெற்ற பின்னரும், தம்புராவை மீட்டும்போது கிடைக்கும் நாதத்துக்காக அதை விடாமல் வைத்திருக்கும் பாடகர்கள் இருக்கிறார்கள்.

வோகோடரின் கதை இன்னும் சுவையானது. அது இசைக்காகப் பிறந்த கருவியே அன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி என்ற பொறியாளர், தொலைபேசிக் கம்பியில் குரலைக் குறைந்த இடத்தில் அடக்கி அனுப்பும் வழியைத் தேடி அதை உருவாக்கினார். பேச்சைப் பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலுவையும் அளந்து, அந்த அளவுகளை வேறோர் ஒலியின்மீது ஏற்றினால் அந்த ஒலி பேசத் தொடங்கும். இரண்டாம் உலகப்போரின்போது நேச நாட்டுத் தலைவர்களின் உரையாடலை மறைத்து அனுப்ப 1943-இல் அமைக்கப்பட்ட 'சிக்சாலி' இதன் அடிப்படையில் இயங்கியதே. அதன் எடை 50 டன்னுக்கும் மேல். நம் கைப்பேசி குரலைச் சுருக்கி அனுப்பும் முறையும் இந்த வழியில் வந்ததுதான். 1970-களில் வெண்டி கார்லோஸும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினரும் இதை இசைக்குள் கொண்டுவந்தனர். இதை, 1997-இல் வந்த ஆட்டோ-டியூனுடன் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. ஆட்டோ-டியூன் பாடுபவரின் ஸ்ருதியைத் திருத்துகிறது. வோகோடரோ மனிதச் சொல்லை இயந்திரத்தின் தொண்டைக்குக் கொடுக்கிறது.

இரண்டாவது காரணம், இக்கருவிகளின் எல்லை. தொடக்ககால மினிமூக்கில் நினைவகம் கிடையாது. நேற்று கிடைத்த ஒலி இன்றும் வேண்டுமென்றால், ஒவ்வொரு குமிழும் எந்தக் கோணத்தில் நின்றது என்று தாளில் வரைந்து வைக்க வேண்டும். அதனால் வாசிப்பவர் கருவியைக் கற்றே தீர வேண்டியிருந்தது. ஆயிரம் ஒலிகளை முன்கூட்டியே நிரப்பித் தரும் பெட்டி தேர்ந்தெடுக்கச் சொல்கிறது; பத்துக் குமிழ்கள் உள்ள பெட்டி உருவாக்கச் சொல்கிறது. கை, காது, குமிழ் மூன்றும் இணையும்போது பிறக்கும் உறவே பலரை மீண்டும் மீண்டும் இழுக்கிறது.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு என்பதை நாம் மறந்துவிட்டோம். 1954-இல் வெளிவந்த 'நாகின்' இந்திப் படத்தின் மகுடி இசை, கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவியில் கல்யாண்ஜி வாசித்தது. 1969-இல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசருடன் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அங்கே இந்தியர்கள் படைத்த இசையின் ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, பிரிட்டனைச் சேர்ந்த பால் பர்காஸின் தேடலால் 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் நிறுவனக் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை மின்னணுத் தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். அதே வகைக் கருவியைக் கொண்டு சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' இசை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முந்தைய பதிவு அது. அந்த இசைத்தட்டு இங்கே விலைபோகவில்லை. நெதர்லாந்துக்காரர் ஒருவர் கண்டெடுத்து 2010-இல் மறுவெளியீடு செய்த பிறகே உலகம் அவரைக் கொண்டாடியது.

தமிழ்த் திரையிசையிலும் இச்சுவடு ஆழமானது. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி வழி இசையைக் கையாண்டார். ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்தபின், அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் பிழைத்தது என்பது பலரும் அறிந்தது. அந்தக் கருவிகள் அன்றே எடைக்குப் போயிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கொங்குப் பகுதியில் தேர்த் திருவிழா, திருமணம் என்று ஊர் ஊராகச் சென்ற மெல்லிசைக் குழுக்கள் திரைப்பாடல்களின் ஒலியைக் கூடியவரை அப்படியே தருவதற்காகக் கடன் வாங்கியேனும் சிந்தசைசர்களை வாங்கின. கரோக்கி வந்தபின் பல குழுக்கள் கலைந்தன. கருவிகள் பரணுக்குப் போயின. எங்கள் பகுதியில் கீபோர்டு வாசித்த நண்பர் ஒருவர், 1980-களின் கருவி ஒன்றைப் பழுதுபார்க்க ஆள் தேடி மூன்று ஊர்கள் அலைந்தார். 'உதிரி கிடைக்காது, புதுசு வாங்குங்க' என்பதே எங்கும் கிடைத்த பதில்.

'கணினி மென்பொருளே அதே ஒலியைத் தருகிறதே, இது வெறும் பழைமை மோகம்தானே?' என்று கேட்கலாம். அதில் உண்மை உண்டு. நல்ல மென்பொருளின் ஒலியை அசலிலிருந்து பிரித்தறிவது பயின்ற காதுக்கும் எளிதன்று. பழங்கருவிகளின் விலையில் வணிகச் சூதாட்டமும் கலந்திருக்கிறது. வசதியில்லாத இளைஞர் மென்பொருளில் தொடங்குவதே அறிவுடைமை. ஆனால், அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தவை இயங்கும் நிலையில் யாரோ காத்துவைத்த அசல் கருவிகளே. அசல் அழிந்தால் நகலைச் சரிபார்க்க ஆளும் இல்லை, அளவுகோலும் இல்லை.

காங்கேயம் காளை இதை எங்களுக்கு முன்பே கற்றுக்கொடுத்திருக்கிறது. டிராக்டரும் கலப்பினப் பசுவும் வந்தபோது அந்த இனத்தின் எண்ணிக்கை சரிந்தது. எஞ்சியவற்றைக் காத்தது மேடைப் பெருமிதம் அன்று. வேலியிட்ட கொறங்காடும், பொலிகாளையை விற்காமல் பேணிய சில குடும்பங்களும்தான். கருவிகளுக்கும் அத்தகைய பராமரிப்பே தேவை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பரணில் பழைய சிந்தசைசர் வைத்திருப்போர் அதை எடைக்குப் போடுமுன் ஒரு தொழில்நுட்பரிடம் காட்டலாம். நினைவகத்துக்காக உள்ளே வைத்திருக்கும் மின்கலம் கசிந்தால் சுற்றுப்பலகையே அரித்துப்போகும். ஒலிகளை வேறிடத்தில் சேமித்துவிட்டு அதை மாற்ற வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களின் மின்னணுப் பிரிவில் இசைக்கருவிப் பழுதுநீக்கத்தை ஒரு சிறு பயிற்சியாகச் சேர்க்கலாம். அரசு இசைக் கல்லூரிகள் தமிழ்த் திரையிசையில் ஒலித்த மின்னணுக் கருவிகளைத் திரட்டி, அவற்றை வாசித்த மூத்த கலைஞர்களின் அனுபவங்களையும் பதிவு செய்யலாம்.

தறியையும் பனியன் இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஃபிட்டர்கள் நிறைந்த மாவட்டம் இது. அந்தக் கைகளுக்கு ஒரு சிந்தசைசரின் உட்புறத்தைக் கற்றுக்கொடுப்பது முடியாத செயல் அன்று. கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.