வெள்ளத்தில் எரிந்த தொழிற்சாலை: காலநிலை மாற்றமும் இரசாயனப் பாதுகாப்புத் திட்டங்களும்

மீனுக்கு ஐஸ் போடாவிட்டால் என்ன நடக்கும் என்று கரையோரத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. மிஞ்சிப்போனால் மீன் நாறும், நாலு காசு நட்டமாகும். ஆனால் குளிர் விட்டுப்போனால் தீக்குச்சி உரசாமலே தானாக எரியத் தொடங்கும் பொருள்களும் இருக்கின்றன. சேதனப் பரவொட்சைட்டுகள் அந்த வகையைச் சேர்ந்தவை. பிளாஸ்டிக் உற்பத்தியில் தாக்கத்தைத் தொடக்கிவைப்பதற்கு இவை வேண்டும். இவற்றின் மூலக்கூறில் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். அந்தப் பிணைப்பு பலவீனமானது. சூடு ஏறினால் அறும். அறும்போது வெப்பம் வெளிவரும். அந்த வெப்பம் பக்கத்து மூலக்கூறையும் உடைக்கும். ஓரளவுக்கு மேல் போய்விட்டால் யாராலும் நிறுத்த ஏலாது. ஆகவே இவற்றில் பலவற்றைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் குறொஸ்பி என்றோர் ஊர். அங்கே ஆர்கெமா என்ற கம்பனிக்கு இந்தப் பரவொட்சைட்டுகளைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. 2017 ஓகஸ்ட் 25ஆம் திகதி ஹார்வி சூறாவளி டெக்சாஸ் கரையைத் தொட்டது. காற்றைவிட மழைதான் பெரிய சேதம் செய்தது. சூறாவளி உள்நாட்டுக்குள் போய் ஓயாமல், ஒரே வட்டாரத்தைச் சுற்றி நாட்கணக்கில் கொட்டித் தீர்த்தது. மிகக் கூடுதலாகப் பெய்த இடத்தில் 1,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பதிவாகியது.

தொழிற்சாலையிடம் திட்டம் இல்லாமலில்லை. உற்பத்தியை நிறுத்தியிருந்தார்கள். சூறாவளிக் காலத்தில் தங்கிநின்று பார்த்துக்கொள்ள ஒரு சிறு ஊழியர் குழுவும் இருந்தது. கரண்ட் போனால் மின்பிறப்பாக்கி. அதுவும் நின்றால் குளிரூட்டத் திரவ நைதரசன். அதுவும் சரிவராவிட்டால் சரக்கை ஏற்றிவைக்கக் குளிரூட்டப்பட்ட பாரவண்டிகள். காகிதத்தில் வாசிக்கும்போது இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

வெள்ளம் ஏற ஏற ஒவ்வொன்றாகப் போனது. மின்சாரம் நின்றது. மின்பிறப்பாக்கிகளைத் தண்ணீர் எட்டியது. நைதரசன் ஏற்பாட்டையும் பயன்படுத்த முடியவில்லை. ஊழியர்கள் வெள்ளத்துக்குள் நின்றுகொண்டு, களஞ்சியங்களில் இருந்த பரவொட்சைட்டுகளை ஒன்பது பாரவண்டிகளுக்கு மாற்றினார்கள். அந்த வேலையைச் செய்த மனிதர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. கடைசியில் வண்டிகளின் குளிரூட்டிகளும் கைவிட்டன. ஓகஸ்ட் 29ஆம் திகதி ஊழியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சுற்றிவர ஒன்றரை மைல் தூரத்துக்குள் இருந்த 200க்கும் மேற்பட்ட சனங்களும் வீடு விட்டுப் போக வேண்டி வந்தது. தீயைத் தடுக்க இனி வழியில்லை என்று கம்பனியே பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. 31ஆம் திகதி அதிகாலையில் முதலாவது வண்டி எரிந்தது, அடுத்த நாள் இன்னும் இரண்டு. மிச்சம் ஆறையும் செப்டெம்பர் 3ஆம் திகதி தாங்களாகவே கொளுத்தி எரித்து முடித்தார்கள். மொத்தத்தில் எரிந்தது மூன்றரை இலட்சம் இறாத்தலுக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 160 மெற்றிக்தொன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாலு அடுக்குப் பாதுகாப்பு இருந்தும் ஏன் ஒன்றுகூட மிஞ்சவில்லை? வீட்டுக் கதவுக்கு நாலு பூட்டுப் போட்டுவிட்டு, நாலு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொலைத்த கதைதான். மின்பிறப்பாக்கி பழுதானால் நைதரசன் கைகொடுக்கும் என்பது உண்மை, பழுது தனியாக வந்தால். ஆனால் எல்லாமே ஒரே வளவில், ஏறக்குறைய ஒரே தரைமட்டத்தில் நின்றன. ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் ஒன்றாக முடித்தது. விபத்தை ஆராய்ந்த அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபை 2018இல் வெளியிட்ட அறிக்கையின் முக்கியமான கண்டறிதலும் இதுதான். ஜப்பானின் ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்திலும் 2011இல் சுனாமி மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்த பிறகே நிலைமை கைமீறியது. அது வேறு தொழில், வேறு ஆபத்து. ஆனால் பிழை ஒன்றேதான்.

அடுத்த கேள்வி, இவ்வளவு தண்ணீர் வரும் என்று யாருக்குமே தெரியாதா என்பது. ஊழியர்களின் நினைவுக்கு எட்டியவரை அந்த வளவுக்குள் இவ்வளவு உயரத்துக்கு வெள்ளம் வந்ததே கிடையாது. திட்டமும் அந்த நினைவை வைத்தே போடப்பட்டிருந்தது. ஆனால் காகிதம் வேறு சொன்னது. அந்த இடம் வெள்ளச் சமவெளிக்குள் அடங்குகிறது என்று வரைபடத்தில் இருந்தது. 2016இல் கம்பனியின் காப்புறுதி நிறுவனமே வெள்ள ஆபத்தைச் சுட்டிக்காட்டி அறிக்கை கொடுத்திருந்தது. ஹார்வி வந்த நேரம் அங்கே வேலை செய்தவர்களுக்கு அப்படியொரு அறிக்கை இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

நினைவை நம்புவது அமெரிக்கர்களின் பழக்கம் மாத்திரமல்ல. 2004 டிசம்பர் 25ஆம் திகதி கல்முனைக் கரையில் யாரிடம் கேட்டிருந்தாலும், கடல் வீட்டுக்குள்ளே வராது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சொல் சம்பந்தமான ஒரு சிக்கலும் இதில் உண்டு. மொழி படிப்பிக்கிறவன் என்பதால் அதைச் சொல்லாமல் விட ஏலாது. "நூறு ஆண்டு வெள்ளம்" என்று பொறியியலாளர்கள் எழுதுகிறார்கள். கேட்கிறவர் என்ன விளங்கிக்கொள்வார்? ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் நூறு வருசத்துக்குப் பயமில்லை என்றுதானே! உண்மையான கருத்து அதுவல்ல. எந்த ஒரு வருடத்திலும் அப்படியான வெள்ளம் வருவதற்கு 100இல் 1 வாய்ப்பு இருக்கிறது என்பதே பொருள். போன வருடம் வந்தது இந்த வருடமும் வரலாம். ஒரு தொழிற்சாலை 30 வருடம் இயங்கினால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளத்தைக் காண்பதற்கு ஏறத்தாழ 26 வீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. அபாயகரமான சரக்கை வைத்திருப்பவருக்கு இது சின்னக் கணக்கல்ல. "வருடத்துக்கு நூற்றில் ஒன்று" என்று எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

அந்த நூற்றில் ஒன்றும் அப்படியே நிற்பதில்லை. வளி 1 பாகை செல்சியசு சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடும். ஹார்வியின் மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், புவி வெப்பமடைந்ததால் அந்த மழையின் அளவு ஏறத்தாழ 15 வீதம் கூடியது என்றும், அப்படியான மழை வருவதற்கான வாய்ப்பு மூன்று மடங்கு ஆகியிருக்கிறது என்றும் கணித்தார்கள். பழைய மழைப் பதிவுகளை மாத்திரம் வைத்து உயரம் தீர்மானித்த சுவர்கள் எல்லாம் இப்போது கொஞ்சம் பதிந்துதான் நிற்கின்றன.

குறொஸ்பியின் பாடம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா? 2020 ஓகஸ்ட் 27ஆம் திகதி லோறா சூறாவளி லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. லேக் சார்ள்ஸ் நகரின் அருகே பயோ லாப் என்ற தொழிற்சாலை நீச்சல் தடாகங்களைச் சுத்தம் செய்யும் குளோரீன் சேர்வையைச் செய்தது. காற்று கட்டடங்களை உடைத்தது. மழைத் தண்ணீர் உள்ளே போனது. அந்தச் சேர்வை ஈரம் பட்டதும் தாக்கமடைந்து சூடாகி எரிந்தது. குளோரீன் வாயு கிளம்பியது. பக்கத்து நெடுஞ்சாலையை ஒரு நாளுக்கு மேல் மூடிவைக்க வேண்டியிருந்தது. தீயணைப்பு ஏற்பாடுகளில் பெரும்பகுதி வேலை செய்யும் நிலையில் இருக்கவில்லை. அதே இரசாயனப் பாதுகாப்புச் சபைதான் இதையும் ஆராய்ந்தது. முன்னைய சம்பவத்துக்கும் இதற்கும் மூன்று வருடமும் ஒரு மாநில எல்லையுமே இடைவெளி.

வெள்ளம் இன்னொரு விதமாகவும் வேலை காட்டும். பாதிக்கு மேல் வெறுமையாய்க் கிடக்கும் பெரிய தாங்கியைச் சுற்றித் தண்ணீர் ஏறினால் அது மிதக்கப் பார்க்கும். மிதந்தால் குழாய்கள் பிய்யும், சுவர் கிழியும். 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது நியூ ஓர்லியன்சுக்குக் கிட்ட ஒரு சுத்திகரிப்பு ஆலையில் இப்படி ஒரு தாங்கி நகர்ந்து, ஏறத்தாழ 25,000 பீப்பாய் மசகு எண்ணெய் வெள்ளத்தோடு கலந்தது. 1,800 அளவிலான வீடுகளுக்குள் எண்ணெய்த் தண்ணீர் போனது. புயல் வருமுன் தாங்கியை நிரப்பிப் பாரமாக்குவது, அல்லது நிலத்தோடு இறுக்கிக் கட்டுவது இதற்கான சாதாரண வைத்தியம். பெரிய செலவும் இல்லை. யோசித்து முதலே எழுதிவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் நல்ல திட்டம் என்பதில் என்ன இருக்க வேண்டும்? என் அபிப்பிராயத்தில் முதலாவது, காலம். "அபாயம் ஏற்பட்டால் உற்பத்தியை நிறுத்தவும்" என்ற வசனத்தால் பயனில்லை. நிறுத்துவதற்கும், சரக்கை வேறிடம் கொண்டுபோவதற்கும் எத்தனை நாள் செல்லும் என்று கணக்குப் பார்த்து, ஆற்று மட்டம் எத்தனை அடியைத் தொட்டால், எச்சரிக்கை எந்தக் கட்டத்துக்கு வந்தால், யார் முடிவெடுப்பது என்று பெயர் குறித்து எழுத வேண்டும். வீதி மூழ்கிய பிறகு லொறி கூப்பிட்டுப் பயனில்லை. புயல் காலத்தில் கையிருப்பையே குறைத்து வைத்தால் இன்னும் நல்லது. இல்லாத சரக்கு எரியாது. இரண்டாவது, மாற்று ஏற்பாடுகள் ஒன்றையொன்று சாராமல் நிற்க வேண்டும்: வேறு உயரம், வேறு இடம், வேறு எரிபொருள். மூன்றாவது, வரைபடமும் காப்புறுதி அறிக்கையும் அலுமாரிக்குள் கிடக்காமல், இரவு வேலைக்கு நிற்கும் ஆளின் கைக்குப் போக வேண்டும். கடும் வெப்பம், காட்டுத்தீ, கடல்மட்டம் உயர்தல் என்று மற்ற ஆபத்துகளுக்கும் இதே கணக்குத்தான், உயரத்துக்குப் பதிலாக வெப்பநிலையும் தூரமும் வரும்.

நாலாவது அயல். குறொஸ்பித் தொழிற்சாலையை ஒட்டிச் சென்ற நெடுஞ்சாலை வெள்ள நிவாரண வேலைகளுக்குத் தேவைப்பட்டதால் உடனே மூடப்படவில்லை. அதால் போன பொலிஸ்காரர்கள் புகைக்குள் மாட்டினார்கள். அந்தச் சம்பவத்தில் மொத்தம் 21 பேர் வைத்திய உதவி நாடினார்கள். தாங்கள் சுவாசிப்பது என்ன என்று அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியாது.

அமெரிக்க அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2022இல், ஆபத்தான இரசாயனங்களை வைத்திருப்பதால் இடர் முகாமைத்துவத் திட்டம் சமர்ப்பிக்க வேண்டிய 10,420 நிலையங்களைப் பார்த்தது. அவற்றில் 3,219 நிலையங்கள் வெள்ளம், புயல் அலை, காட்டுத்தீ, கடல்மட்ட உயர்வு ஆகியவற்றில் ஒன்றாவது வரக்கூடிய இடங்களில் இருந்தன. 2024இல் அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், காலநிலையால் கூடும் இயற்கை ஆபத்துகளையும் மின்தடையையும் இந்தத் திட்டங்களில் கட்டாயம் கணக்கெடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் அந்த விதியை மறுபரிசீலனை செய்யப்போவதாக அதே முகவரகமே அறிவித்தது. ஆட்சி மாறினால் விதியும் ஆடும் என்பது நமக்குப் புதினமில்லை.

குறொஸ்பி அளவுக்குப் பெரிய ஆலை நம் ஊர்களுக்குள் இல்லை என்று சிலர் சொல்லலாம். சரி. ஆனால் மீனவர் ஊர்களில் ஐஸ் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. ஐஸ் ஆலைகளைக் குளிரூட்டப் பெரும்பாலும் பயன்படுவது அமோனியா. குடிநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் குளோரீன் உருளைகள் இருக்கின்றன. ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் நிலையம் ஆற்றோரத்தில்தானே இருக்கும். இரண்டு வாயுக்களும் கண்ணையும் நுரையீரலையும் தாக்குபவை. குளோரீன் வளியைவிடப் பாரமானது என்பதால் பள்ளமான இடங்களில் தங்கும். இப்படியான ஓர் இடம் பக்கத்தில் இருந்தால் கேட்கவேண்டியவை சில: போன வெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது, மின்பிறப்பாக்கி அதற்கு மேலே நிற்கிறதா, உருளைகள் கட்டப்பட்டிருக்கின்றனவா, கசிவு ஏற்பட்டால் பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் யார் தகவல் தருவது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் சனம் எந்தப் பக்கம் போவது. இதைக் கேட்பதற்கு இரசாயனவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பிரதேச செயலகத்தில் நடக்கும் அனர்த்த முகாமைத்துவக் கூட்டம் ஒன்றில், மாரி தொடங்குமுன் கேட்டால் போதும்.