மெய்யியலாளரும் மெய்யியல் பேசுவோரும்: வடலூர் வள்ளலாரை முன்வைத்து

முன்னுரை

மெய்யியல் சொற்களைக் கையாளும் அனைவரும் மெய்யியலாளர் ஆகார். பிளேட்டோ தம் உரையாடல்களில் மெய்யியலாளரைச் சோபிஸ்டுகளிடமிருந்து பிரித்துக் காட்டினார். தமிழ்ச் சூழலில் இவ்வேறுபாட்டை ஆராய்வதற்கு, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியத்தை அடுத்துள்ள வடலூரில் தொண்டாற்றிய இராமலிங்க அடிகளின் (1823–1874) வாழ்வு ஏற்ற சான்றாகும்.

தடையும் விடையும்

அடிகளின் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூல், பசி தீர்த்தலை ஆன்ம ஒழுக்கத்தின் அடிப்படையாக நிறுவுகிறது. பசித்தோர் முன்வினைப் பயனை நுகர்கின்றனர் எனில், அதனைத் தடுப்பது இறைவனின் ஆணைக்கு மாறாகாதா என்னும் தடையையும் அந்நூல் எதிர்கொள்கிறது. கொடுங்குற்றம் புரிந்து சிறைப்பட்டோருக்கும் அரசன் உணவளிக்கச் செய்கிறான் என்பது அதற்குத் தரப்படும் விடை. மெய்யியல் பேசுவோர் வினைக்கொள்கையை விளக்குவதோடு அமைவர். அடிகளோ, அக்கொள்கை பசித்தவரைக் கைவிடுவதற்குக் காரணம் ஆகுமா என ஆராய்கிறார்.

கொள்கையும் செயலும்

இவ்வாராய்ச்சி ஏட்டோடு நிற்கவில்லை. 23.05.1867 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றும் அணையாது பேணப்படுகிறது. எனினும், அன்னம் வழங்குவது மட்டுமே ஒருவரை மெய்யியலாளர் ஆக்குவதில்லை. அறச்சத்திரங்கள் அதற்கு முன்பும் இருந்தன. எல்லா உயிரும் ஒருமையுடையன என்னும் முடிவிலிருந்து சாதி, சமய வேறுபாடற்ற உணவளிப்பு பிறந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

தற்திருத்தம்

மூன்றாம் அடையாளம் அரிதானது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் நிகழ்த்திய பேருபதேசத்தில், முன்னர்ச் சைவ சமயத்தில் தமக்கு மிகுந்த பற்று இருந்ததையும், அதனைத் தாம் விட்டுவிட்டதையும் அடிகள் வெளிப்படையாக அறிவித்தார். அப்பற்றோடு பாடப்பட்ட பாடல்கள் 1867இல் திருவருட்பாவாக அச்சேறி, அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்திருந்தன. புகழுக்குக் காரணமான நிலைப்பாட்டையே மறுபரிசீலனை செய்வது, கேட்போரின் பாராட்டை நாடுவோர்க்கு இயலாதது.

முடிவுரை

எதிர்வாதத்தை நேர்மையுடன் எதிர்கொள்ளல், கண்ட முடிவுக்குத் தாமே கட்டுப்படல், பிழையெனத் தோன்றியதைப் பலரறியத் துறத்தல் ஆகிய மூன்றும் மெய்யியலாளரை இனங்காட்டுகின்றன. இவ்வளவுகோல் அடிகளை ஆராய்வோர்க்கும் பொருந்தும். ஜீவகாருண்யத்தை மேற்கோளாக மட்டும் எடுத்தாளும் ஆய்வு, அவரைப் பற்றிப் பேசினும் மெய்யியல் பேச்சாகவே எஞ்சும்.